நாலு மணிக்கு ஓடத் தேவையில்லாத பொய்லர்

கேள்வி: நுவரெலியாவில் ஹாவாஎலியப் பக்கம் எட்டு அறை விடுதி ஒன்று நடத்துகிறேன். சுடுதண்ணீருக்கு 2004இல் ஒரு பழைய பங்களாவிலிருந்து வாங்கிய டீசல் பொய்லர்தான் இன்னும் ஓடுகிறது. தாங்கி ஒழுகத் தொடங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். அது நிற்பது பின்மதிலோடு ஒட்டிய தகரக் கொட்டகையில். மதிலுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பள்ளத்தில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் படுக்கையறை ஜன்னல். ஓட்டன் சமவெளிக்குப் போகிற விருந்தினர்கள் விடிய முன்பே கிளம்புவதால் மூன்றரைக்கெல்லாம் பொய்லரைப் போட்டுவிடுவோம். டீச்சரின் கணவர் நோயாளி. இவ்வளவு நாள் பொறுத்தவர் இப்போது மாநகர சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கொழும்பில் மூன்று கொட்டேஷன் எடுத்தோம்: ‘சைலன்ட்’ டீசல் பொய்லர், அறைக்கு ஒன்றாக கேஸ் ஹீட்டர், காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட் பம்ப். ஹீட் பம்ப்பின் விளம்பரத் தாளில் 52 டெசிபல் என்று போட்டிருக்கிறது. லண்டனில் இருக்கும் தம்பி மகன், “அங்கே சுவரில் மாட்டுகிற பொய்லருக்குச் சத்தமே இல்லை அத்தை, அதை இறக்குங்கள்” என்கிறான். எதை வாங்கினால் இந்தச் சண்டை தீரும்?

— ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: அம்மா, மூன்றில் எது அமைதியானது என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பொய்லர் அல்ல, ‘மூன்றரை’ என்ற அந்த நேரம். டீச்சரின் ஜன்னலுக்குப் பக்கத்தில் எந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்து மூன்றரைக்குப் போட்டாலும் ஏதோ ஒரு சத்தம் கேட்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் எதுவுமே ஓடத் தேவையில்லாதபடி செய்ய முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். முடியும். அதற்குச் சிறிய இயந்திரமும் பெரிய தாங்கியும் வேண்டும். கொழும்பில் உங்களுக்குக் கொடுத்த மூன்று கொட்டேஷனும் அநேகமாக இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்: பெரிய இயந்திரம், சின்னத் தாங்கி.

கணக்கைப் பார்ப்போம். எட்டு அறை, அறைக்கு இரண்டு பேர் என்றால் பதினாறு பேர். ஒருவர் ஷவரில் நிமிடத்துக்கு 8 லீட்டர் வீதம் எட்டு நிமிடம் குளித்தால் 64 லீட்டர். உடம்பில் படும்போது அது ஏறக்குறைய 40 பாகை இருக்க வேண்டும். நுவரெலியாக் குழாயில் வருவது 15 பாகைத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், தாங்கியில் 60 பாகையில் இருக்கும் சுடுநீர் ஆளுக்கு 36 லீட்டர் போதும், மீதிக்குப் பச்சைத்தண்ணீர் கலக்கும். பதினாறு பேருக்கு 570 லீட்டர். மாலையில் ஒரு சுற்று, விடிய முன் ஒரு சுற்று என்று எல்லாருமே இரண்டு தடவை குளித்தாலும் 1,150 லீட்டருக்குள் முடிந்துவிடும். தாங்கியில் உள்ள சுடுநீரைக் கடைசிச் சொட்டு வரை எடுக்க முடியாது. கீழே குளிர்நீர் ஏறிக்கொண்டே வரும், முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பயன்படும். ஆகவே 1,500 லீட்டர் தேவை. 750 லீட்டர் தாங்கி இரண்டை வரிசையாக இணைத்தால், ஆட்கள் குறைந்த மாதங்களில் ஒன்றை மூடிவைத்துவிடலாம்.

இந்த 1,500 லீட்டரை 15 பாகையிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய 79 கிலோவாட்-மணி வெப்பம் வேண்டும். 12 கிலோவாட் வெப்பம் தருகிற ஹீட் பம்ப் அதை ஆறரை, ஏழு மணி நேரத்தில் செய்துவிடும். காலை பத்துக்குப் போட்டால் மாலை ஐந்துக்கு நின்றுவிடும். அப்புறம் மறுநாள் பத்து மணி வரை அது ஓட வேண்டியதில்லை. தடிப்பான காப்புப் போட்ட நல்ல தாங்கி ஓர் இரவில் இழப்பது இரண்டு மூன்று பாகைதான். நாலு மணிக்கு விருந்தினர் குழாயைத் திறந்தால் முந்தைய நாள் மத்தியானத்தில் சூடாக்கிய தண்ணீர் வரும். அவருக்கு அது தெரியவும் போவதில்லை.

பகலில் ஓட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பது. காற்று எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு கஷ்டப்படும். மத்தியானம் 18, 20 பாகையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். அந்தக் கணக்கில் உங்கள் 79க்கு 26, 27 யூனிட் போகும். ஜனவரி விடியற்காலையில் 5 பாகைக்கு இறங்கினால் அந்த விகிதம் குறைவதோடு, வெளிச் சுருளில் உறைபனி படியும். அதை உருக்க இயந்திரம் இடையிடையே நின்று, ‘புஸ்’ என்று வாயுவைத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்கும். ஒரே சீராக வருகிற சத்தத்துக்கு மனிதர் எப்படியாவது பழகிவிடுவார். நின்று நின்று தொடங்குகிற சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

உங்களுக்கு யாராவது, “இரவு 10.30க்கு மேல் கரண்ட் மலிவு, அப்போது ஓட்டுங்கள்” என்று சொல்வார்கள். நேரவாரிக் கட்டண மீட்டர் உள்ளவர்களுக்கு 10.30 முதல் காலை 5.30 வரை கட்டணம் குறைவு என்பது உண்மை. உங்கள் மீட்டர் அந்த வகையா என்று முதலில் பில்லைப் பாருங்கள். அந்த வகையாகவே இருந்தாலும், குளிர்ந்த காற்றில் விகிதம் குறைவதால் அந்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். மீதிக்காக டீச்சரோடு மறுபடி மல்லுக்கட்டுவது புத்தியல்ல. மாலை 6.30 முதல் 10.30 வரை கட்டணம் உச்சத்தில் இருக்கும் நேரம், அப்போது மட்டும் கண்டிப்பாக ஓடக் கூடாது. ஒரு டைமர் போட்டுவிட்டால் தீர்ந்தது.

சரி, அந்த 52 டெசிபல். இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எத்தனை மீட்டர் தூரத்தில் அளந்தது என்று சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 52 என்றால் நாலு மீட்டரில் 40. மூன்று மீட்டரில் அளந்த 52 என்றாலோ, ஒரு மீட்டரில் அது 61, 62 ஆகிவிடும். சுவரை ஒட்டி வைத்தால் 3 கூடும், இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் 6 வரை கூடும். நீங்கள் சொல்கிற இடம் மதிலும் கட்டடமும் சேரும் மூலை போலத் தெரிகிறது. அப்படியென்றால் இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். விற்பனையாளரிடம் ‘ஒலித்திறன்’ (இயந்திரம் மொத்தமாக வெளியிடும் சத்தம்) எவ்வளவு, எத்தனை மீட்டரில் ‘ஒலியழுத்தம்’ (அந்தத் தூரத்தில் காதில் படும் சத்தம்) எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் சத்தம் வருகிற காணியின் எல்லையில் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல்தான் அனுமதி. பிரதேச சபைப் பகுதியென்றால் 55, 45. இதில் இரவு என்பது மாலை 6 முதல் காலை 6 வரை. ஆக உங்கள் மூன்றரை முழுசாக இரவுக் கணக்கில் வருகிறது. மதிலடியில் நிற்கிற பழைய பொய்லரின் டீசல் பர்னர் (எரிப்பான்) 50ஐத் தாண்டாமல் இருக்க வழியில்லை. அளவுக் கருவியோடு ஆள் வந்தால் உங்கள் பக்கம் நியாயம் பேச இடமிருக்காது.

ஆனால் 50க்குள் வந்துவிட்டால் டீச்சர் தூங்கிவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஜனவரியில் மேகமில்லாத இரவில் நுவரெலியா எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரையோடு குளிர்காற்று படிந்துவிடும், அதற்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். அப்படியான நேரத்தில் மேல்நோக்கிப் போகிற சத்தம் வளைந்து மறுபடி பள்ளத்துக்கே இறங்கும். அதனால்தான் எங்கோ கீழே நாய் குரைப்பது பக்கத்து வளவில் குரைப்பதுபோல் கேட்கிறது. நீங்கள் மேட்டில், அவர் பள்ளத்தில். பொய்லர் அதிகம் தேவைப்படுகிற இரவும், சத்தம் நன்றாகப் பரவுகிற இரவும் ஒன்றே. ஏப்ரல் சீசனில் இந்தப் பிரச்சினையே எழாது. அந்த ஒரு மாதம் கிரகரி வாவிப் பக்கமிருந்து வருகிற பாட்டுச் சத்தத்தில் உங்கள் பொய்லர் மட்டுமல்ல, இடி விழுந்தாலும் யாருக்கும் கேட்காது.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டீச்சரிடம் சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்குள் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு நில்லுங்கள். இங்கிருந்து உங்கள் ஆள் முதலில் தண்ணீர் சுற்றும் பம்பை மட்டும் போடட்டும். அப்புறம் பர்னரைப் போடட்டும். எது உங்களுக்குக் கேட்கிறது என்று பாருங்கள், மதிலில் உள்ளங்கையை வைத்தும் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அயலவரை எழுப்புவது நெருப்பின் இரைச்சல் அல்ல. பம்பின் அதிர்வு குழாய் வழியாகப் போய், குழாயை மதிலில் பிடித்திருக்கிற இரும்புக் கிளாம்ப் வழியாகச் சுவருக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ‘ம்ம்ம்’ என்று கேட்கும். அப்படியென்றால் எத்தனை லட்சத்துக்குப் புது இயந்திரம் வாங்கினாலும் அதே கிளாம்ப்பில் பொருத்தினால் அதே சத்தம்தான்.

ஆகவே புது இயந்திரம் எதுவானாலும் இவற்றைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்: மதிலோடு சேராத தனிச் சீமெந்துத் தளம், அதன்மேல் இயந்திரத்தின் எடைக்கு ஏற்ற ரப்பர் அதிர்வுத் தாங்கிகள், பம்புக்கு இரண்டு பக்கமும் வளையும் குழாய், ரப்பர் உறை போட்ட கிளாம்ப், மதிலில் ஓர் ஆணிகூட அடிக்காமல் குழாய் போகும் பாதை. இவற்றுக்கு ஆகிற செலவு மொத்தத்தில் பெரிதல்ல. பொருத்துகிறவர்கள் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

தகரக் கொட்டகையைக் கழற்றிவிடுங்கள். பொய்லரைச் சுற்றித் தகரம் அடிப்பது தப்பு மேளத்துக்குத் தோல் கட்டுவது போலத்தான், உள்ளே பர்னர் அடிக்க அடிக்க வெளியே முழங்கும். டீசலையே தொடர்வதாக இருந்தால் ஆறு அங்குல புளொக் கல்லில் சுவர் எழுப்பி, உள்பக்கம் சத்தத்தை உறிஞ்சுகிற ராக்வூல் பஞ்சு அடித்து, காற்று வரும் துவாரங்களை டீச்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். துவாரங்களைச் சத்தத்துக்குப் பயந்து அடைத்துவிடவே கூடாது. காற்றுப் போதாமல் எரிந்தால் காபன் மொனொக்சைட்டு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். ஹீட் பம்ப்பை நான்கு பக்கமும் மூடி வைப்பதும் தவறு. தான் வெளியே தள்ளிய குளிர்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு திணறும்.

இப்போது மூன்று கொட்டேஷனையும் பற்றி. ‘சைலன்ட்’ டீசல் பொய்லர் பழையதை விட அமைதியாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொழும்பில் சரிசெய்த பர்னர் நுவரெலியாவில் சரியாக எரியாது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றாடி அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அதில் ஒட்சிசன் குறைவு. எரிபொருள் அளவையும் காற்றுக் கதவையும் இங்கே வந்து, புகைவாயுவை அளந்து, மறுபடி சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கரி கக்கும், நெருப்பு துடித்துத் துடித்து எரிந்து உறுமும். உங்கள் பழைய பொய்லரின் சத்தத்தில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். இன்னொன்று, இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மழை நாளில் கலங்கி வருகிற தண்ணீரின் சேறு அடியில் படிந்து, வெப்பக் கட்டுப்பாட்டையும் 85க்கு வைத்திருந்தால் அடித்தட்டில் நீராவிக் குமிழ்கள் கிளம்பிக் ‘கொர கொர’ என்று கேட்கும். அந்தச் சத்தம் உங்களிடம் இருந்தால், புதியது வரும் வரைக்கும் அடியைக் கழுவிவிட்டுக் கட்டுப்பாட்டை 60, 65க்கு இறக்கிவையுங்கள். இன்றிரவே கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

அறைக்கு ஒரு கேஸ் ஹீட்டர் என்பதை நான் விரும்பவில்லை. சத்தம் குறைவுதான். ஆனால் குளியலறைக்குள் மாட்டினால் மறுபடி அதே காபன் மொனொக்சைட்டு ஆபத்து. வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும். இந்த உயரத்தில் அதன் திறனும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். நமது சிலிண்டரில் பியூட்டேன்தான் அதிகம். குளிர்ந்த விடியலில் அது ஆவியாகத் தயங்கும், எட்டு அறையிலும் ஒரே நேரத்தில் இழுத்தால் சிலிண்டருக்கு வெளியே பனி பூத்து அழுத்தம் விழுந்துவிடும். தலையில் சோப்புப் போட்ட விருந்தினர் என்ன எழுதிவிட்டுப் போவார் என்று யோசியுங்கள்.

லண்டன் மருமகன் சொல்வது பொய்யல்ல. அங்குள்ள சுவர்ப் பொய்லர்களில் நெருப்பு மூடிய அறைக்குள் எரிகிறது, காற்றும் வாயுவும் முன்கூட்டியே கலக்கப்படுகின்றன, தேவை குறையும்போது நெருப்பும் தானாகவே தணிந்து எரிகிறது. அதனால் அமைதி. ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு குழாயில் வாயு வருகிறது, பழுது பார்க்கக் கூப்பிட்டால் ஆளும் வருகிறார். இங்கே அதன் மின்பலகை ஒன்று கருகினால் உதிரிப்பாகம் கப்பலில் வரும் வரை விடுதியை மூடிவைக்க வேண்டியதுதான். அவருக்கு அன்பாகப் பதில் எழுதிவிடுங்கள்.

விறகுப் பொய்லரையும் யாராவது சொல்வார்கள். தேயிலைத் தொழிற்சாலைகள் விறகில்தான் கொழுந்தை உலர்த்துகின்றன, பழக்கமான வழி, சத்தமும் கிடையாது. ஆனால் நோயாளி இருக்கிற வீட்டுக்கு மேட்டிலிருந்து புகை இறங்கினால் அடுத்த முறைப்பாடு அதற்காக வரும்.

என் தெரிவு ஹீட் பம்ப்பும் 1,500 லீட்டர் தாங்கியும்தான். இயந்திரத்தை மதிலடியிலிருந்து எடுத்து, விடுதியின் முன்பக்கமோ வாகனம் நிறுத்தும் பக்கமோ, கட்டடம் நடுவில் மறைக்கிற மாதிரி வையுங்கள். சுடுநீர்க் குழாய் நீளும், அதற்குக் காப்பு உறை போட்டால் போதும். தாங்கிகள் சத்தம் போடாது, பழைய இடத்திலேயே இருக்கலாம். நிரம்பிய தாங்கிகள் இரண்டு தொன் அளவுக்கு வரும் என்பதால் மாடித் தட்டில் ஏற்றுவதானால் கட்டடப் பொறியியலாளரைக் கேளுங்கள். இடம் போதவில்லை என்று பின்பக்கத்து மண்ணை வெட்டத் தொடங்காதீர்கள். நமது மாவட்டத்தில் சரிவை வெட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டாக வேண்டும், கேட்க வேண்டிய காரணம் ஒவ்வொரு மழைக்கும் நாம் பார்ப்பதுதான்.

தாங்கியை 60 பாகையிலேயே வைத்திருங்கள். செலவு மிச்சம் என்று 45க்கு இறக்கினால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அது ஷவர்த் திவலையோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கும். 60இல் கை வெந்துவிடும் என்பதால் அறைகளுக்குப் போகும் குழாயில் ஒரு கலப்பு வால்வு வையுங்கள். கரண்ட் நின்றாலும் தாங்கியில் அன்றைய தண்ணீர் இருக்கும். ஹீட் பம்ப் பழுதானால் கைகொடுக்க ஒவ்வொரு தாங்கியிலும் 3 கிலோவாட் மின்சூட்டுச் சுருள் ஒன்று போடச் சொல்லுங்கள். அது 750 லீட்டரை மணிக்கு மூன்றரைப் பாகைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏற்றும், ஆனால் சத்தமே இல்லாமல் ஏற்றும். கையில் காசு மிஞ்சினால் கூரையில் சூரிய நீர்ச்சூடாக்கி. பனிமூட்ட மாதங்களில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை உங்கள் மின்பில்லைக் குறைக்கும்.

டீச்சரிடம் இப்போதே போய்ப் பேசுங்கள், இயந்திரம் வந்த பிறகு அல்ல. எங்கே வைக்கப் போகிறீர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடும் என்பதைச் சொல்லுங்கள். புதியது வரும் வரை, பழைய பொய்லரை மாலை ஆறுக்கு முன் ஒரு தடவை முழுசாகச் சூடாக்கி நிறுத்துங்கள். விடிய முன் கிளம்புகிறவர்களை இரவிலேயே குளிக்கச் சொல்லலாம், குளிரில் அதைத்தான் பலர் விரும்புவார்கள். மாநகர சபைக்கும் மாற்றுகிற திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அதற்கும் மேலே நீதவானிடம் பொதுத்தொல்லை வழக்காகப் போனால் பொய்லரையே நிறுத்தச் சொல்லி உத்தரவு வரலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவ்வளவு தூரம் போகிற ஆளாக டீச்சர் தெரியவில்லை.

விற்பனையாளருக்குக் கடைசித் தவணையைப் பொருத்திய அன்றே கொடுக்க வேண்டாம். டைமரை மாற்றி, ஒரே ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு இயந்திரத்தை ஓடவிட்டு, டீச்சரின் சம்மதத்தோடு அவர் ஜன்னலடியில் அளந்து பார்த்த பிறகே மீதி என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எப்போதாவது அவசரத்துக்கு இரவில் ஓட்ட நேர்ந்தால் என்ன கேட்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

பழைய பொய்லரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும் முன் ஒரு விஷயம். 2004இலேயே அது பழசு என்கிறீர்கள். புகைபோக்கியைச் சுற்றியும் கதவு விளிம்பிலும் வெள்ளையாகக் கயிறோ பூச்சோ இருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். சுத்தியலால் உடைக்கவோ பெருக்கவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி, உடையாமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். மாநகர சபைக்கு எழுதும் அந்தக் கடிதத்திலேயே, அதை எங்கே ஒப்படைப்பது என்றும் கேட்டுவிடுங்கள்.